4ம் ஜெனரேஷன் ஐ7ஆ, 8ம் ஜெனரேஷன் ஐ5ஆ? திருமலை வெக்கைக்கு எது தாக்குப் பிடிக்கும்

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறன், அப்பதான் மற்ற ஆக்களுக்கும் விளங்கும். தம்பிக்குத் திருகோணமலை உவர்மலையில வீடு, கோணேசபுரி கெம்பசுக்குப் போய் வாறவர், சனி ஞாயிறில கலியாண வீடு சாமத்திய வீடு எண்டு வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் குடுக்கிறவர். டவுனில ஒரு கடையில செகண்ட்ஹேண்ட் லெப்டொப் ரெண்டு பாத்திருக்கிறார், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒண்டு கனமான வேர்க்ஸ்டேஷன் (பெரிய வேலைக்கெண்டு செய்த லெப்டொப்), இன்டெல் ஐ7-4810எம்கியூ ப்ரொசசர், 16 ஜிபி ரேம், பழைய குவாட்ரோ கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கு. மற்றது மெல்லிசான ஒஃபிஸ் லெப்டொப், ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம். கடைக்காரர் "ஐ7 எண்டா ஐ7தான் தம்பி, ஐ5ஐ அதோட வைச்சுப் பாக்கேலுமா" எண்டு கேட்டாராம். எது எடுக்கிற அண்ணா எண்டதுதான் கேள்வி.

உங்கட வேலைக்கு அந்த ஐ5ஐ எடுங்க. ஆனா கடைக்காரர் சொன்னது முழுப் பிழையும் இல்ல, ஒரு இடத்தில அந்த ஐ7 உண்மையாவே வெல்லும், அதைச் சொல்லாம விட்டா நான் ஒரு பக்கம் சாய்ஞ்சு கதைச்ச மாதிரி ஆயிடும்.

முதல்ல இந்தப் பேர் விசயம். ஐ3, ஐ5, ஐ7 எண்டுறது அந்தந்த வருசத்துக்குள்ள மட்டும் பாக்கிற படி, வேற வேற வருசத்துச் சாமானை அதை வைச்சு அளக்கேலாது. பேருக்குப் பின்னால வாற நாலு இலக்கத்தில முதல் இலக்கம் ஜெனரேஷன், கடைசில வாற எழுத்துத்தான் உண்மையான சாதி. யூ எண்டா 15 வோட் சிப், மெல்லிசு லெப்டொப்புக்கு. வெறும் எம் எண்டா 35, 37 வோட், ஆனா ரெண்டு கோர் (கோர் எண்டுறது சிப்புக்குள்ள வேலை செய்யிற தனித்தனி மூளை). எம்கியூ, கியூஎம், எச்கியூ எண்டு கியூ இருந்தா நாலு கோர், 45, 47 வோட். வெறும் எச் எண்டா 8ம் ஜெனரேஷனில பெரிய சிப், ஐ7க்கு ஆறு கோர், ஐ5க்கு நாலு கோர்.

இதை நான் படிச்சது காசு குடுத்து. 2016ல ஒரு கடையில "ஐ7 மச்சான், அடிச்சுக்க ஆளில்ல" எண்டு சொல்லி வித்த லெப்டொப்பை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில டாஸ்க் மனேஜரைத் திறந்து பாத்தா ஐ7-4600யூ. ரெண்டே ரெண்டு கோர். ஸ்டிக்கரில ஐ7 எண்டு பளபளக்குது, உள்ளுக்க அதே வருசத்து ஐ5-4300யூ கொஞ்சம் கிளொக் (ஓடுற வேகம்) கூட்டி, கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற சின்ன மெமரி) ஒரு எம்பி கூட்டி வைச்ச மாதிரித்தான். 7ம் ஜெனரேஷன் வரைக்கும் யூ எழுத்து ஐ7 எல்லாமே ரெண்டு கோர்தான், 5500யூ, 6600யூ, 7500யூ எதை எடுத்தாலும். 2017 ஓகஸ்டில 8250யூ, 8550யூ வந்த பிறகுதான் 15 வோட்டுக்குள்ள நாலு கோரை அடக்கினாங்க. லெப்டொப் ப்ரொசசர் சரித்திரத்தில 7க்கும் 8க்கும் நடுவில இருக்கிற அந்தக் கோடு மாதிரிப் பெரிய கோடு கனக்க இல்ல, செகண்ட்ஹேண்ட் வாங்கிற ஆக்கள் ஞாபகம் வைச்சிருக்க வேண்டியது அந்த ஒரு கோட்டைத்தான்.

இப்ப உங்கட ரெண்டு சிப்பையும் பக்கத்தில வைப்பம். 4810எம்கியூ 2014ல வந்த ஹாஸ்வெல் (4ம் ஜெனரேஷனுக்கு இன்டெல் வைச்ச பேர்), 22 நானோமீட்டர் (சிப் செய்யிற நுணுக்கம், இலக்கம் சின்னன் எண்டா நல்லம்), நாலு கோர் எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில எட்டு வேலை), 6 எம்பி கேஷ், 47 வோட், பேஸ் (வழமையான வேகம்) 2.8, டர்போ (தேவைக்கு ஏறுற உச்ச வேகம்) 3.8 கிகாஹேர்ட்ஸ். 8250யூவும் நாலு கோர் எட்டு த்ரெட், அதே 6 எம்பி கேஷ், ஆனா 14 நானோமீட்டர், 15 வோட், பேஸ் 1.6, டர்போ 3.4. பேப்பரில பாத்தா 2.8க்கும் 1.6க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், கடைக்காரர் காட்டுறதும் இதைத்தான். ஆனா கிளொக் மட்டும் வேகம் இல்ல, ஒரு கிளொக்குக்குள்ள எவ்வளவு வேலை முடிக்குது எண்டதும் இருக்கு, அதில 8250யூ ஒரு பத்துப் பதினைஞ்சு வீதம் முன்னுக்கு நிக்குது. அப்பிடிப் பாத்தா ஒரு கோர் வேலையில, அதாவது ப்ரவுசர் திறக்கிறது, ஃபைல் திறக்கிறது, எடிட்டிங் சொஃப்ட்வெயர் லோட் ஆகிறது இதுகளில, 3.8ல ஓடுற பழசும் 3.4ல ஓடுற புதுசும் தோளுக்குத் தோள் நிக்கும். வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஐ7 வெல்லுற இடம் நீண்ட நேர ரெண்டர், அதாவது வெட்டி முடிச்ச வீடியோவை ஒரே ஃபைலா ஆக்கி எடுக்கிறது, எக்ஸ்போர்ட் எண்டுறதும் அதைத்தான். ஒரு மணித்தியால வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டிட்டுச் சாப்பிடப் போறீங்க எண்டு வைங்க. 8250யூ முதல் அரை நிமிசம் மாதிரி துள்ளிக்கொண்டு 3.4ல ஓடும், பிறகு 15 வோட் வரம்பு பிடிச்சு 2 சொச்சம் கிகாஹேர்ட்ஸுக்கு இறங்கி அங்கயே நிக்கும். 4810எம்கியூவுக்கு 47 வோட் அனுமதி இருக்கு, நாலு கோரையும் 3.5 பக்கத்தில வைச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் ஓடும். சிபியூ (ப்ரொசசர்) மட்டும் செய்யிற எக்ஸ்போர்ட்டில ஐ7 கால்வாசி நேரம் மிச்சப்படுத்தினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டன். ஓடும் எண்டு சொன்னன்தானே, அது கூலிங் சரியா இருந்தால் மட்டும். திருமலையில அந்த "இருந்தால்" எண்ட சொல்லுத்தான் பெரிய சொல்லு.

யூட்யூப்ல இந்தப் பழைய வேர்க்ஸ்டேஷன்களைப் புகழ்ந்து போடுற ஆக்கள் 21, 22 பாகை ரூமில இருந்து டெஸ்ட் பண்ணுறாங்க. இங்க கச்சான் காத்து (தென்மேற்கில இருந்து வாற வறண்ட சூட்டுக் காத்து) அடிக்கிற மாசங்களில மத்தியானம் ரூமுக்குள்ளயே 34, 35. ஹீட்சிங்க் (சிப்பின்ர சூட்டை வாங்கிற உலோகத் தகடு) என்ன மந்திரமா செய்யுது, ரூம் காத்தை இழுத்துச் சூட்டை ஏத்தி வெளிய தள்ளுது, உள்ளுக்க வாற காத்தே 13 பாகை கூடவா இருந்தா சிப்பும் கிட்டத்தட்ட அந்தளவு கூடத்தான் சுடும். அங்க 85ல ஓடுற சிப் இங்க 98. இந்த மொபைல் ஐ7களுக்கு 100 பாகைதான் எல்லை, அதைத் தொட்டவுடன தானே கிளொக்கைக் குறைச்சிடும். ஆக இன்னும் ரெண்டு பாகை ஏறினாலே அவங்கட வீடியோவில 3.5 எண்டு பாத்த அதே சிப் உங்கட ரூமில 2.8க்கு வந்து நிண்டு ஃபேனை மட்டும் கத்த விடும்.

கச்சான் சூட்டை மட்டுமா கொண்டு வருது, புழுதியையும் சேத்துத்தானே கொண்டு வருது. போன வருசம் டச் பே பக்கத்தில இருந்து ஒரு பெடியன் தன்ர வேர்க்ஸ்டேஷனைக் கொண்டு வந்தான், இதே 4ம் ஜெனரேஷன் ஐ7, "அண்ணா வீடியோ போட்டா அஞ்சு நிமிசத்தில இழுபடுது" எண்டான். பின் மூடியைக் கழட்டி ஃபேனைத் தூக்கினா, ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவில சாம்பல் நிறத்தில ஒரு துண்டு கம்பளி. உண்மையாவே கம்பளி மாதிரித்தான், புழுதியும் கடல் ஈரமும் சேந்து இறுகி, விரலால பிடிச்சு இழுக்க ஒரே துண்டா உரிஞ்சு வந்தது. ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. சிப்பின்ர சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்ச சுண்ணாம்பு மாதிரி பொரிஞ்சு போய்க் கிடந்தது. துடைச்சு, புது பேஸ்ட் வைச்சு, திரும்பப் பூட்டினா அதே வேலைக்கு 97ல நிண்டது 82க்கு வந்திட்டுது. அவன் ப்ரொசசர் பழுது எண்டு நினைச்சு வித்துப்போடப் பாத்தவன்! அதால அந்த ஐ7ஐத்தான் எடுக்கப் போறீங்க எண்டா கிளீனிங்குக்கும் பேஸ்டுக்கும் இப்பவே காசை ஒதுக்கி வைங்க, ஒவ்வொரு வருசமும் கச்சான் முடிய ஒருக்கா திறக்கோணும். 15 வோட் சிப்புக்கும் புழுதி பிடிக்கும்தான், ஆனா அது விடுற சூடு குறைவு, ஃபேன் அரைவாசி அடைபட்டாலும் ஒரு மாதிரி சமாளிச்சுக்கொண்டு கிடக்கும்.

சரி, நான் ஏன் ஐ5 பக்கம் நிக்கிறன் எண்டதுக்கு முக்கியமான காரணத்துக்கு வாறன், அது கோரும் இல்ல கிளொக்கும் இல்ல. நீங்க ஃபோனிலயும் எடுக்கிறதா எழுதியிருந்தீங்க. ஐஃபோன்கள் 2017ல இருந்தே வீடியோவை ஹெச்இவிசி எண்ட ஃபோர்மட்டில சேமிக்குது, அதைத்தான் எச்.265 எண்டும் சொல்லுறது, மற்ற நல்ல ஃபோன்களிலயும் அந்த செட்டிங் இருக்கு. ஃபைல் சின்னதா வரும், ஆனா திறந்து காட்டுறதுக்குக் கணக்குக் கூட. இந்தக் கணக்கைச் செய்யிறதுக்கெண்டே ப்ரொசசருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸில ஒரு தனிப் பகுதி இருக்கும். 8250யூக்குள்ள இருக்கிற யூஎச்டி 620 கிராஃபிக்ஸ் ஹெச்இவிசியை 10 பிட் (நிறத்தை நுணுக்கமாப் பதியிற வகை) வரைக்கும் அந்தப் பகுதியாலயே விரிச்சுக் காட்டும், சிபியூ சும்மா இருக்கும். 4810எம்கியூக்குள்ள இருக்கிற எச்டி 4600க்கு முழுசா ஹெச்இவிசி விரிக்கிற பகுதி இல்ல. அதோட வாற குவாட்ரோவும் அந்தக் காலத்து கெப்லர் ரகம், அதுக்கும் தெரியாது. அப்ப முழுச் சுமையும் நாலு கோர் தலையில விழுது. ஒரு கிளிப்பை ப்ளே பண்ணினா ஓடும், டைம்லைனில (எடிட் பண்ணேக்க கிளிப்புகளை அடுக்கிற பட்டை) ரெண்டு மூண்டு 4கே கிளிப்பை அடுக்கிப் பாட்டுக்கு வெட்டத் தொடங்கினா அப்பதான் தெரியும், மணவறையில தாலி கட்டுற இடத்தில ஃப்ரேம் நிண்டு நிண்டு வரும், சத்தம் முன்னுக்குப் போயிடும். எக்ஸ்போர்ட் நேரம் நீங்க சாப்பிடப் போகலாம், எடிட் பண்ணுற நேரம் முழுக்க நீங்க முன்னுக்கு இருந்து பாத்துக்கொண்டுதானே இருக்கோணும், இழுபடுறதைத் தாங்கேலாத இடம் அதுதான்.

இதுக்கு ப்ரொக்சி எண்டு ஒரு வழி இருக்கு, பெரிய கிளிப்புகளை எல்லாம் முதல்ல சின்ன எச்.264 (லேசா ஓடுற பழைய ஃபோர்மட்) கொப்பியா மாத்தி அதில வெட்டி, கடைசில உண்மையான கிளிப்பில எக்ஸ்போர்ட் பண்ணுறது. நான் கன வருசம் அப்பிடித்தான் செய்தனான், ராத்திரி போட்டிட்டுப் படுத்தா விடியத் தயாரா இருக்கும். வேலை நடக்கும், ஆனா ஒரு படி கூட. கமராவில 4:2:2 10 பிட்டில (நிற விபரம் இன்னும் கூடப் பதியிற வகை) எச்.265 எடுக்கிற ஆள் எண்டா 8250யூவும் கை விரிச்சிடும், அப்ப ரெண்டுக்கும் ப்ரொக்சிதான் கதி.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான சாதாரண சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி கேக்கிறது இன்டெல் பக்கத்தில 8ம் ஜெனரேஷனும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும், 7ல விரல் விட்டு எண்ணுற ஒண்டு ரெண்டுக்குத்தான் விதிவிலக்கு. 8250யூ சரியா வாசல்படியில நிண்டு உள்ளுக்க வந்திட்டுது. 4810எம்கியூவில குறுக்கு வழியால 11ஐப் போடலாம், போட்டும் குடுத்திருக்கிறன், நல்லாத்தான் ஓடுது, ஆனா ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் தானா வராது, நீங்களே மினக்கெட்டு ஏத்தோணும். அதைவிட எடிட்டிங் சொஃப்ட்வெயர்களும் கழட்டி விடத் தொடங்கிட்டுது, அடோபி பிரீமியர் ப்ரோவின்ர புது வெர்ஷனுகள் இன்டெல்லில குறைஞ்சது 6ம் ஜெனரேஷன் கேக்குது. பழைய வெர்ஷனிலயே காலத்தை ஓட்டுறவருக்குப் பிரச்சினை இல்ல, லினக்ஸ் போடுறவருக்கு இந்தத் தலையிடி ஒண்டுமே இல்ல.

இன்னும் பழசுகளைப் பற்றிக் கேட்டிருந்தீங்க, 2630கியூஎம், 3630கியூஎம் எண்டு. 2011, 2012 காலத்தில அதுகள் ராசா. நாலு கோர், சொக்கெட்டில கழட்டிப் போடுற வசதி, எல்லாம் சரி, ஆனா ஏவிஎக்ஸ்2 எண்ட கட்டளைத் தொகுதி அதுகளில இல்ல, அது ஹாஸ்வெல்லோடதான் வந்தது, இப்ப அது இல்லாட்டி சில சொஃப்ட்வெயர் திறக்கவே திறக்காது. சும்மா தந்தா எடுத்து வீட்டு ஃபைல் சேவரா வையுங்க, காசு குடுக்காதீங்க. அதுக்கும் முந்தின 720கியூஎம் 1.6 கிகாஹேர்ட்ஸ் பேஸ், 45 நானோமீட்டர், அதைப் பற்றிக் கதைக்கிறதே நேரச் செலவு.

சொக்கெட் எண்டதும் ஒரு பழைய ஆசை ஞாபகம் வருது. எம், எம்கியூவில முடியிற 4ம் ஜெனரேஷன் சிப்புகள்தான் கழட்டிப் பூட்டக் கூடிய கடைசி லெப்டொப் இன்டெல், எச்கியூ எண்டா மதர்போட்டோட ஒட்டினது, 5ம் ஜெனரேஷனில இருந்து எல்லாமே ஒட்டினதுதான். நான் ஒரு 14 இஞ்சி ஒஃபிஸ் லெப்டொப்பில இருந்த ஐ5-4300எம்மைக் கழட்டிப்போட்டு 4710எம்கியூ பூட்டினன். பூட்டின அண்டைக்கு நாலு கோரையும் பாத்துச் சந்தோசப்பட்டன், பிறகு பாத்தா ரெண்டு கோருக்கெண்டு செய்த ஹீட்சிங்க், எக்ஸ்போர்ட் போட்டா நேரா 100. கடைசில டர்போவைக் குறைச்சு வைச்சுத்தான் பாவிச்சன். பெரிய எஞ்சினைச் சின்ன ரேடியேற்றரோட பூட்டின கதைதான்.

கொஞ்சம் காசு கூடப் போடலாம் எண்டா பாக்க வேண்டியது வேற. 6700எச்கியூ, 7700எச்கியூ ரெண்டும் நல்ல சிப், 7700எச்கியூ ஹெச்இவிசி 10 பிட்டும் விரிக்கும், ஆனா பாவம் அந்த விண்டோஸ் 11 கோட்டுக்கு ஒரு அடி வெளிய நிக்குது. அதை விட 8750எச் கிடைச்சா விடாதீங்க, 2018ல வந்தது, ஆறு கோர் பன்ரெண்டு த்ரெட், 9 எம்பி கேஷ். சினிபெஞ்ச் ஆர்15 எண்ட வேகம் அளக்கிற டெஸ்டில 7700எச்கியூ 700 சொச்சம் எடுக்கும் எண்டா 8750எச் கூலிங் நல்லா இருந்தா 1100 பக்கத்துக்குப் போகும், ஒரே வருசத்தில அந்தப் பாய்ச்சல். ஏஎம்டி பக்கத்தில ரைசன் 4000 வரிசை, 2020ல வந்தது, 7 நானோமீட்டர், 4800எச் எண்டா எட்டு கோர், சூடும் குறைவு, எங்கட ஊருக்கு எண்டு செய்த மாதிரி. ரைசன் 2500யூ மட்டும் எடுக்காதீங்க, அது விண்டோஸ் 11 லிஸ்டில இல்ல, 3500யூவில இருந்துதான் சரி. ஆப்பிள் 2015 மெக்புக் ப்ரோ 15 இஞ்சியும் மலிவாத் திரியுது, அதில 4770எச்கியூ, ஐரிஸ் ப்ரோ கிராஃபிக்ஸ், ஸ்க்ரீன் அருமை, ஆனா ரேம் ஒட்டினது, புது மெக்ஓஎஸ் மொன்டரேயோட நிண்டிட்டுது.

கரண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்க. வேர்க்ஸ்டேஷன் வேலை செய்யேக்க 100 வோட் இழுக்குது, மெல்லிசு 30 வோட் எண்டு வைச்சா, நாளுக்கு ஆறு மணித்தியாலம், மாசத்துக்கு 18 யூனிட்டும் 5 யூனிட்டும். 13 யூனிட் என்ன பெரிசு எண்டு கேப்பீங்க, எங்கட பில் 30, 60, 90 எண்டு படி படியாத்தானே ஏறுது, 85 யூனிட்டில நிக்கிற வீட்டை அது அடுத்த படிக்குத் தள்ளிடும், பிறகு அம்மாவுக்கு நீங்கதான் விளக்கம் சொல்லோணும். கரண்ட் போன நேரம் அந்த வேர்க்ஸ்டேஷன் பட்டரி ரெண்டரோட முக்கால் மணித்தியாலம் நிண்டாப் பெரிய விசயம்.

சார்ஜரையும் பாருங்க. அந்தப் பெரிய மெஷினுகளுக்கு 170, 180 வோட் சார்ஜர் வேணும், செங்கல் மாதிரி இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு கடையில அதே பின் உள்ள 90 வோட் சார்ஜரைக் குடுத்து அனுப்பியிருக்கினம். மெஷின் ஒன் ஆகும், சார்ஜும் ஏறும், ஆனா சிபியூவைக் கீழ பிடிச்சு அமுக்கி வைச்சிருக்கும், அவர் மூண்டு மாசம் ஐ7 எண்டு சொல்லி ஐ3 வேகத்தில வேலை செய்தவர்.

ஐ5ஐ எடுக்கிறதெண்டு முடிவெடுத்தா ஒரு நிபந்தனை. 8 ஜிபி ரேம் காணாது. பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க, ரெண்டு ஸ்லொட் இருந்து ஒண்டு காலியா இருந்தா இன்னொரு 8 ஜிபி போடுங்க, அப்ப ரேம் ரெண்டு பாதையால ஓடும், யூஎச்டி 620க்குத் தனி மெமரி இல்லாததால அந்த ரெண்டாவது பாதை டைம்லைனிலயே தெரியும். ரேம் முழுக்க மதர்போட்டில ஒட்டினது எண்டா அந்த லெப்டொப்பை விட்டிட்டு வேற 8250யூ தேடுங்க, சனம் நிறையப் பாவிச்ச சிப், கிடைக்கும். பயோஸுக்குப் (விண்டோஸுக்கு முதல் ஓடுற அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்ட் கிடக்கா எண்டும் பாருங்க, வெளிநாட்டு ஒஃபிஸ்களில இருந்து கழிச்சு வாற சாமானில அது வழமை.

கடைக்குப் போகேக்க ஒரு பென் ட்ரைவில உங்கட சொந்தக் கலியாண வீட்டு 4கே ஃபோன் கிளிப் ஒண்டைக் கொண்டு போங்க. ரெண்டு மெஷினிலயும் கிளிப்பை ஹாட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணிப்போட்டு, விஎல்சி வீடியோ ப்ளேயரில ஓட விட்டு, பக்கத்தில டாஸ்க் மனேஜரைத் திறந்து சிபியூ எத்தினை வீதம் எண்டு பாருங்க. ஒரு பத்து நிமிசம் ஓட விடுங்க, ரெண்டு நிமிசத்தில நிப்பாட்டாதீங்க. ஃபேன் வாசலில கையை வைச்சுப் பாருங்க, சிபியூ கொதிக்கேக்கயும் காத்து இளஞ்சூடா மெல்லமா வருது எண்டா உள்ளுக்க கம்பளி இருக்கு. அந்த நேரம் கடைக்காரரையும் பக்கத்தில கூப்பிட்டு நிப்பாட்டிக் காட்டுங்க, விலை கதைக்க லேசா இருக்கும்.